52-இல் 27 போனால்: கரிசல் காட்டுப் பள்ளியில் திரையின் வேலை என்ன?

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சிலேட்டில் 52 எழுதி, கீழே 27 எழுதி, கோடு போட்டுக் கழிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். விடை 35 என்று வருகிறது. தப்பு என்று சொல்லி அழிக்கச் சொன்னால் விஷயம் அதோடு முடிந்தது. “எப்படிம்மா வந்துச்சு?” என்று கேட்டால் அவளிடம் தெளிவான பதில் இருக்கும். 2-லிருந்து 7 போகாது. அதனால் 7-லிருந்து 2 போக 5. பிறகு 5-லிருந்து 2 போக 3. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அவள் மறக்கவில்லை, மறக்காததால்தான் தவறுகிறாள். 52 என்பது ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் சேர்ந்தது என்பது மட்டும் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: கழித்தலில் பிள்ளைகள் செய்யும் பிழைகளில் பல கவனக்குறைவால் வருவதில்லை, தவறான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகின்றன. அவர்கள் எழுதிய கணினி விளையாட்டு, ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்கானது. பிள்ளை எந்த விதியால் தவறுகிறாள் என்று கண்டுபிடிப்பதே அதில் ஆட்டம். ஆரம்பக் கணக்குக்குக் கணினியைக் கொண்டுவந்த முன்னோடிகளில் இருவர், அதைப் பாடம் காட்டும் கருவியாக நினைக்காமல் பிழையைத் துப்பறியும் கருவியாக நினைத்தார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து நம் வகுப்பறைகளுக்கு வந்திருக்கும் திரைகள் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வதில்லை என்பதுதான் என் குறை.

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வரை விரிந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, மக்காச்சோளம், மிளகாய், மல்லி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலமும் கரிமூட்டமும். அருப்புக்கோட்டைத் தெருக்களில் தறிச் சத்தம். 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டே: விருதுநகரும் இராமநாதபுரமும். அந்தத் திட்டத்தின் மதிப்பீட்டில் கல்விக்கு நூற்றுக்கு 30 பங்கு. இங்கே ஊருக்கு ஊர் தொடக்கப்பள்ளி இருப்பதற்கு விருதுநகரில் பிறந்த காமராசர் காலத்து முடிவுகள் பெரிய காரணம். சின்ன ஊர் என்பதால் பள்ளியும் சின்னது, ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியரும் இடைநிலை ஆசிரியரும் ஐந்து வகுப்புகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் ஐந்தும் ஒருவர் தலையில். இந்த மாதிரிப் பள்ளிகளுக்குத்தான் வரிசையாகச் சாதனங்கள் வந்திருக்கின்றன: 2018 முதல் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி, 2023-இல் மணற்கேணி செயலி, மாநிலம் முழுவதும் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள், தொடக்கப்பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள். தொழில்நுட்பம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு இனி இடமில்லை. வந்துவிட்டதை எந்த வேலைக்கு வைத்துக்கொள்வது என்பதே கேள்வி.

இதற்கு உலகம் ஓரளவு விடை கண்டிருக்கிறது. விடைகளில் முக்கியமானவை இந்தியாவிலிருந்தே வந்தவை. பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை 319 கிராமப் பள்ளிகளில் ஆராய்ந்தார்கள். கணினிகள் குவிந்தன, கணக்கிலும் மொழியிலும் மாற்றம் எதுவும் தெரியவில்லை. குஜராத்தில் ஞான்சாலா பள்ளிகளில் லீ லிண்டன் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. கணக்கு மென்பொருளைப் பள்ளி நேரத்தில் ஆசிரியரின் பாடத்துக்குப் பதிலாக வைத்தபோது பிள்ளைகள் 0.57 திட்ட விலக்கம் பின்தங்கினார்கள். அதையே பள்ளி முடிந்தபின் கூடுதல் பயிற்சியாக வைத்தபோது 0.28 முன்னேறினார்கள், அதிலும் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கே பயன் அதிகம். வதோதராவில் மாநகராட்சிப் பள்ளிகளின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கணினிக்கு இருவராக உட்கார்ந்து வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டு ஆடினார்கள். விளையாட்டு, பிள்ளையின் நிலைக்கேற்பக் கேள்வியை மாற்றியது. இரண்டாம் ஆண்டில் 0.47 முன்னேற்றம். நூறு பேரில் நடுவில் நின்ற பிள்ளையை கீழிருந்து அறுபத்தெட்டாம் இடத்துக்கு ஏற்றிவிடக்கூடிய அளவு இது. ஆனால் திட்டம் நின்று ஓராண்டுக்குள் அதில் பெரும்பகுதி கரைந்துபோனது. அதே ஆய்வில், உள்ளூர் இளம்பெண்களைக் கொண்டு பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்த ‘பால்சகி’ முறையும் பயன் தந்தது. கணினித் திட்டத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஆன செலவு அதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். இந்த ஒப்பீட்டைக் கொள்முதல் கோப்பில் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு அதிகாரியும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

டெல்லி ஆய்வு இதற்கெல்லாம் சாவி. ஒரு கற்றல் மென்பொருளைச் சோதித்து 2019-இல் முரளிதரன், சிங், கனிமியன் மூவரும் வெளியிட்டது. 619 பிள்ளைகள், நாலரை மாதம், கணக்கில் 0.37 முன்னேற்றம். அவர்கள் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர்கள், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அல்லர். ஆனாலும் மென்பொருள் முதல் நாள் சோதனையிலேயே காட்டிய ஒன்று நமக்கும் பொருந்தும். ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியாக இரண்டரை வகுப்பு பின்னால் நின்றாள். அதாவது, ஆறாம் வகுப்புப் பாடம் எவ்வளவு அழகாகத் திரையில் ஓடினாலும் அது அவள் நிற்கும் இடத்துக்கு எட்டாது. வெற்றி பெற்ற வதோதராவிலும் டெல்லியிலும் இயந்திரம் செய்தது ஒரே வேலை: யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்து, அங்கிருந்து தொடங்கியது. தோற்ற இடங்களில் அது ஆசிரியரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது, அல்லது பிள்ளையையும் கணினியையும் தனியே விட்டுவிட்டு ஒதுங்கியது. ஆகவே என் முடிபை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈராசிரியர் பள்ளியில் திரைக்குரிய முதல் வேலை பாடம் காட்டுவதன்று. ஒவ்வொரு பிள்ளையும் எந்தக் கணக்கில், எந்தத் தவறில் நிற்கிறது என்பதை ஆசிரியருக்காக நினைவில் வைத்திருப்பது.

பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கும் எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அன்றைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னின்று தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்து ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான முறையிலிருந்து வந்தது. 2007-08-இல் மாநிலம் முழுவதும் பரவியபோது பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்தவர், அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்ற தங்கம் தென்னரசு. சுவரோரம் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை, தட்டுகளில் படம் போட்ட அட்டைகள், பாடங்களை வரிசையாக அடுக்கிய ஏணிப்படி. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் நின்று தன் வேகத்தில் ஏறலாம். பத்து நாள் வராவிட்டால் விட்ட படியிலிருந்து தொடரலாம். இன்று தன்வேகக் கற்றல் என்ற பெயரில் மென்பொருள் நிறுவனங்கள் விற்பதை நம் பள்ளிகள் மின்சாரம் இல்லாமல், அட்டையில் செய்தன. அந்த முறை ஏன் தளர்ந்தது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. எனக்குப் பெரிதாகப் படுவது இது: முப்பது பிள்ளைகள் முப்பது படிகளில் நிற்கும்போது அத்தனையையும் ஒரு மனிதர் மனத்தில் வைத்திருக்க முடியாது. அட்டைக்கு நினைவில்லை. பிள்ளை அட்டையை முடித்ததா, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியதா, எந்த இடத்தில் தடுக்கியது என்பதெல்லாம் அன்றோடு போயிற்று. 2022 ஜூன் 13 அன்று தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. அதுவும் சரியான திசை. ஆனால் மூன்று கூடைகள் கணக்குக்குப் போதாது. 52-இல் 27 போக 35 என்பவளும், கூட்டலிலேயே தடுமாறுகிறவனும் ஒரே கூடையில் இருக்கலாம்; இருவருக்கும் வேண்டியது வேறுவேறு. அட்டையிடம் இல்லாத அந்த நினைவு கைக்கணினியிடம் இருக்கிறது.

வறண்ட பூமியில் இந்த நினைவுக்கு மதிப்பு இன்னும் கூடுதல். மாசி, பங்குனியில் மிளகாய்ப்பழம் எடுக்கும் நாட்களில் அம்மா காட்டுக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பெரியவள் வீட்டில் இருந்துவிடுகிறாள். கரிமூட்டத்துக்கு வெளியூர் போகும் குடும்பங்களோடு பிள்ளைகளும் போய்விடுகிறார்கள். மொழிப்பாடத்தில் ஒரு கதையைத் தவறவிட்டால் அடுத்த கதையைப் படிக்கலாம். கணக்கு அப்படியல்ல, இடமதிப்பு நடந்த பத்து நாள் வராத பிள்ளைக்கு, அதற்குப் பிறகு வரும் கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாமே மந்திரம்தான். வருகைப் பதிவேட்டில் அந்தப் பத்து நாள் விடுப்பு என்று இருக்கும். எந்தப் பாடத்தில் விழுந்த விடுப்பு என்று இருக்காது. கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்றும் வருகையையும் கணக்குப் பாடத்தின் படிகளையும் ஒன்றாக வைத்து, “இவள் வந்துவிட்டாள், இடமதிப்பிலிருந்து தொடங்குங்கள்” என்று ஆசிரியருக்கு ஒரு வரி காட்டுவது எளிய வேலை. லட்சக்கணக்கில் செலவழித்து எடுத்த உயிரோவியப் பாடங்களைவிட அந்த ஒரு வரி இவ்வூர்ப் பிள்ளைக்கு உதவும்.

நினைவு இயந்திரத்துடையதாக இருக்கட்டும். புரிதல் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பத்துக் குச்சி ஒரு கட்டு என்பதைப் பிள்ளை தானே கட்டிப் பார்க்காமல் திரையில் பார்த்தால் அது படம் மட்டுமே. பருத்திமாரும் சோளத்தட்டையும் புளியங்கொட்டையும் கிடைக்காத ஊர் இந்தப் பக்கம் இல்லை. இதில் மொழிக்கும் பங்குண்டு. தமிழ் எண்ணுப்பெயர்கள் இடமதிப்பை வாயாலேயே சொல்லித் தருபவை. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும் காதில் விழுகின்றன. ஆங்கிலத்தின் ‘இலெவ’னில் அது இல்லை. இருபத்தேழு என்ற சொல்லிலேயே இரண்டு பத்தும் ஏழும் இருக்கின்றன. ஆனால் ஒன்பதில் நம் மொழி ஒரு வளைவு எடுக்கிறது: தொண்ணூறு என்பதில் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. எண்பது வரை ஒழுங்காக வந்த பிள்ளை தொண்ணூற்றாறை எழுதும்போது தடுமாறினால் அதற்கு மொழியில் காரணம் இருக்கிறது. நானூற்று மூன்றை 4003 என்று எழுதுவதும் அப்படித்தான், சொன்னபடியே எழுதுகிறாள். ஆங்கிலத்தில் உருவாக்கிப் பிறகு தமிழ்க்குரல் ஏற்றிய செயலிக்கு இந்த வளைவு தெரியாது. அது ‘இலெவ’னில் நேரம் செலவழிக்கும், தொண்ணூற்றில் சறுக்கிவிட்டு ஓடும். தமிழ்ப் பிள்ளைகளின் தவறுகளிலிருந்து எழுதப்பட்ட கணக்கு மென்பொருள் நமக்கு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது மொழிப்பற்றுக்காக மட்டுமல்ல.

நம் திண்ணைப் பள்ளிகளை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. எண்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளைகள் 1/320 ஆகிய முந்திரியையும் 1/80 ஆகிய காணியையும் 1/20 ஆகிய மாவையும் வாயால் பெருக்கினார்கள். மணலில் விரலால் எழுதினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூரில் அநாதைப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் பிள்ளைகளைக் கண்டுதான் தன் முறையை வகுத்து, மதராஸ் முறை என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். மணல்தான் அன்றைய வகுப்பறைத் தொழில்நுட்பம்; ஆனால் அந்த முறையைத் தாங்கியது மணலல்ல, சின்னவனுக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய பிள்ளை. திண்ணைப் பள்ளியைப் புகழ்ந்து அங்கே திரும்ப வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எந்தச் சாதிப் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடமிருந்தது, பெண்பிள்ளைக்கு இருந்ததா என்ற கேள்வி ஒன்றே போதும். ஆனால் வதோதராவில் ஒரு கணினிக்கு இரு பிள்ளைகள் உட்கார்ந்தபோது நடந்ததில், பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த அந்த முறையின் சாயல் இருக்கிறது. ஒருத்தி விடையைத் தொடுமுன் மற்றவளிடம் வாதாட வேண்டியிருக்கும். கணக்கில் அந்த வாதாட்டம் பாதிப் படிப்பு.

பிள்ளைகள் ஒன்றும் தெரியாதவர்களாகப் பள்ளிக்கு வருவதில்லை என்பதையும் திரை செய்பவர்கள் அறிய வேண்டும். 1985-இல் பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். கடையில் கேட்ட கணக்கில் நூற்றுக்கு 98 சரி; அதே கணக்கைத் தாளில் எண்ணாக மட்டும் கொடுத்தபோது 37. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி 2025-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வும் இதையே சொன்னது, மறுபக்கத்தையும் சேர்த்து: பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். தறி ஓடும் வீட்டில் தார் சுற்றும் பிள்ளைக்கும், மல்லிகைப் பூவை முழம்போட்டு விற்கும் வீட்டுப் பிள்ளைக்கும் ஐம்பது ரூபாய்க்கு மீதி கொடுக்கத் தெரியும். 50-இல் 27 போக 23 என்பதைக் கடன் வாங்காமல், 27-க்கு மேல் மூன்று போட்டு முப்பது, அதற்குமேல் இருபது என்று ஏறிக் கண்டுபிடிப்பார்கள். இது நல்ல கணக்கு. திரையிலிருக்கும் சோதனை கடன் வாங்கும் முறையை மட்டும் சரியென்று ஏற்குமானால், அந்தப் பிள்ளையிடம் இருக்கும் கணக்கைத் தவறு என்று சொல்லி அனுப்பிவிடுகிறது.

இதற்கெல்லாம் எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. ஆசிரியரே போதாத ஊரில் நுணுக்கம் பேசிப் பயனில்லை, நல்ல ஆசிரியர் ஒருவரின் பாடத்தைத் திரையில் ஓட்டினால் ஏதாவது கிடைக்குமே என்கிறார்கள். ஞான்சாலா ஆய்வு இதற்குப் பதில்; ஆசிரியரின் இடத்தில் வைத்தபோது அது கெடுதலே செய்தது. இதைவிடப் பெரிய சோதனையைக் கொரோனா நமக்கு நடத்திக் காட்டியது. தொலைக்காட்சியும் கைபேசியும் மட்டுமே பள்ளியாக இருந்த காலத்துக்குப் பிறகு, 2021 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தபோது, பெருந்தொற்றுக்கு முன் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணக்கில் 0.7 திட்ட விலக்கம் பின்தங்கியிருந்தார்கள். மொழியில் பின்தங்கியது அதில் பாதியளவே. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாயிற்று. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டம் காரணம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சாயங்காலம் தெருவிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்து உட்கார்ந்த உள்ளூர்ப் பெண்கள் செய்த காரியம் அது. ஆசிரியர் போதவில்லை என்றால் ஆசிரியரையும் தன்னார்வலரையும் கூட்ட வேண்டும். திரையை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வாதம் நீதியைப் பற்றியது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மதுரையில் தனியார் பள்ளிப் பிள்ளை கணினியில் விளையாடும்போது நரிக்குடிப் பக்கத்துப் பிள்ளைக்குப் புளியங்கொட்டை போதும் என்று சொல்வது அநியாயம் இல்லையா? அப்படிச் சொன்னால் அநியாயம்தான். நான் கேட்பது குறைவான தொழில்நுட்பத்தை அல்ல, உயர்ந்ததை. எல்லோருக்கும் ஒரே படத்தை ஓட்டும் சுவர்த்திரை இருப்பதிலேயே மலிவான சிந்தனை. பிள்ளையின் தவறைப் படிக்கக்கூடிய மென்பொருள்தான் வசதியுள்ளவர்கள் காசு கொடுத்து வாங்குவது. அது இந்தப் பிள்ளைக்குத் தமிழில், காசில்லாமல் கிடைக்க வேண்டும். இணையம் விட்டுவிட்டு வரும் ஊரில் இணையமில்லாமலும் ஓட வேண்டும். சித்திரை வெயிலுக்குக் கைக்கணினி சூடேறி நின்றுபோனால் பார்க்க வட்டார வள மையத்தில் ஆள் வேண்டும். எளிய சாதனமும் போதிய வேலை செய்யும் என்பதற்கு போட்ஸ்வானா சாட்சி: 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது சாதாரணக் கைபேசியில் வாரம் இருபது நிமிடம் அழைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததும் குறுஞ்செய்தியுமாகச் சேர்ந்து பிள்ளைகளை முன்னேற்றின. குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிய வீடுகளில் அந்தப் பலன் தெரியவில்லை.

ஆசிரியர்கள் சொல்லும் குறைதான் எனக்கு மிகவும் உறைப்பது. செயலி என்றாலே மேலே அனுப்பும் விவரம் என்று ஆகிவிட்டது; எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டைப் பிள்ளை பிள்ளையாகக் கைபேசியில் ஏற்றுவதற்கே பாடநேரம் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் திரும்பத் திரும்பச் சொல்லின. அப்படியானால் நான் கேட்கும் நினைவுக்கருவி அந்தச் சுமையைக் கூட்டாதா? கூட்டும், அது அலுவலகத்துக்காகச் செய்யப்பட்டால். வித்தியாசம் விவரம் பாயும் திசையில் இருக்கிறது. மாவட்டம் எத்தனை விழுக்காடு மொட்டு என்று தெரிந்துகொள்வதற்காக ஆசிரியர் தட்டச்சு செய்கிறார். மறுநாள் காலை அவர் வகுப்புக்கு அதிலிருந்து ஒன்றும் திரும்பி வருவதில்லை. பிள்ளையே கைக்கணினியில் நாலு கணக்குப் போட, அதிலிருந்து தவறின் வகை தானாகப் பிரிந்து, முதலில் வகுப்பாசிரியருக்குப் போக வேண்டும். மேலே போவது மாதம் ஒருமுறை, பெயரில்லாத தொகையாகப் போனால் போதும். பெயரோடு போனால் மேலதிகாரிக்குப் பயந்து விடையைத் திருத்தி ஏற்றும் பழக்கம் வரும். அப்புறம் அந்த நினைவுக்கு மதிப்பில்லை.

ஒரு ஈராசிரியர் பள்ளியில் இது எப்படி நடக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். மூன்றாம் வகுப்பில் பதினோரு பிள்ளைகள். ஆசிரியரின் ஒரே கைக்கணினி திங்கட்கிழமை இருவர் இருவராகக் கைமாறுகிறது. முதலில் ஒருத்தி, பிறகு மற்றவள், ஆளுக்கு நாலு கணக்கு, மூன்று நிமிடம். மற்ற பிள்ளைகள் நாலாம் வகுப்பு அக்காமாரோடு வாய்ப்பாடு சொல்கிறார்கள். முடிந்ததும் திரையில் மூன்று வரி: ஐந்து பேருக்குத் தடையில்லை, மூன்று பேர் எண்ணை எழுதுவதிலேயே பிசகுகிறார்கள், மூன்று பேர் எப்போதும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறார்கள். கைக்கணினியின் வேலை அதோடு சரி, மேசைக்குள் போகிறது. செவ்வாய்க்கிழமை அந்தக் கடைசி மூன்று பேரும் ஆசிரியரைச் சுற்றித் தரையில் உட்காருகிறார்கள். ரப்பர் போட்ட பருத்திமார்க் கட்டு ஐந்தும், உதிரிக் குச்சி இரண்டும். இருபத்தேழு எடுக்கச் சொல்கிறார். அவள் இரண்டு கட்டை எடுத்து ஓரமாக வைக்கிறாள், பிறகு உதிரிக் குச்சிகளைப் பார்க்கிறாள். இரண்டுதான் இருக்கிறது, ஏழு வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் இருக்கிறாள். யாரும் சொல்லாமலேயே ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றி, குச்சிகளை உதிர்த்து, பன்னிரண்டு என்று எண்ணி, அதிலிருந்து ஏழைப் பொறுக்குகிறாள்.